‘7/25’ என்றால் என்ன? வளவில் மாட்டப் புகைப்படம் வாங்கும் முன்

வாசகர் கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் ஐயா கட்டிய வீடு, இப்போது ஐந்து புள்ளிக்கு (பங்குள்ள குடும்பங்களுக்கு) பொது. நாங்கள் சென்னையில் இருக்கிறோம். வருடத்துக்கு நான்கைந்து தடவைதான் வீட்டைத் திறக்கிறோம். வருகிற வைகாசியில் மகனுக்குத் திருமணம். அதற்குள் வளவில் (நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரப் பகுதியில்) மாட்ட நல்ல புகைப்படம் ஒன்று வாங்க ஆசை. ஒரு புகைப்படக் கலைஞர், தாம் எடுத்த ஊருணிப் படத்தை 20×30 அங்குலத்தில், ‘7/25’ என்று எண்ணிட்டு 48,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில் ‘1880களில் எடுத்த ஒரிஜினல்’ என்று ஒரு கோயில் படத்துக்கு 15,000 கேட்கிறார்கள். எதை நம்புவது, என்ன கேட்டு வாங்குவது, எங்கே மாட்டுவது? பின்னால் விலை ஏறுமா?

ஆச்சிக்கு வணக்கம்.

முதலில் அந்த எண்ணைப் பார்த்துவிடுவோம். ‘இந்தப் படத்தை இந்த அளவில் 25 பிரிண்டுக்கு மேல் போட மாட்டேன், இது அதில் ஏழாவது’ என்று எடுத்தவர் கொடுக்கும் வாக்குதான் 7/25. காகிதத்தில் அரிதான தன்மை ஒன்றும் இல்லை. கணினியில் உள்ள அதே கோப்பிலிருந்து 26வதும் 260வதும் இதே அழகோடு வந்துவிடும். போடாமல் இருப்பது அவர் சொல்லில்தான் இருக்கிறது. பர்மாவிலும் மலாயாவிலும் கொண்டுவிற்றவர்கள் (வட்டித் தொழில் செய்தவர்கள்) முறி (கடன் பத்திரம்) இல்லாமல் பணத்தை வெளியே விட்டதில்லை. எண் போட்ட படமும் ஒரு முறிதான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்த பிறகு பணத்தை எடுங்கள்.

ஏழாவது என்பதால் முதலாவதைவிட மட்டமா என்ற சந்தேகம் வரும். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்தபோது தகடு தேயத் தேயக் கோடு மங்கியது; அதனால் சிறிய எண்ணுக்கு மவுசு இருந்தது. இங்கே தேய்வதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் விலையில் வேறுபாடு இருக்கலாம். முதல் ஐந்து ஒரு விலை, அடுத்த ஐந்து அதைவிடக் கூடுதல், கடைசி இரண்டு மூன்று மிக அதிகம் என்று படிப்படியாக ஏற்றி விற்கும் வழக்கம் உண்டு. ஆகவே, முந்தைய ஆறும் உண்மையாகவே விற்றுவிட்டனவா, என்ன விலைக்கு, அடுத்த படி எந்த எண்ணில் தொடங்குகிறது என்று கேளுங்கள். நேர்மையான கலைஞர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். எடிஷன் (இப்படி எண்ணிட்டுப் போடும் தொகுதி) பேரேடு ஒன்றை அவரே வைத்திருப்பார்.

அதைவிட முக்கியமான கேள்வி: 25 என்பது எந்த அளவுக்கு மட்டும்? ஒரே படத்தை 12×18 அங்குலத்தில் 50, 20×30ல் 25, 40×60ல் 10 என்று தனித்தனி எடிஷனாக விற்பது சாதாரணம். அப்படியானால் உலகத்தில் அந்தப் படம் 85. அதோடு ‘ஆர்ட்டிஸ்ட் புரூஃப்’ என்று கலைஞர் தமக்கென்று வைத்துக்கொள்ளும் பிரிண்டுகள் உண்டு, ஏ.பி. என்று எழுதியிருக்கும். எடிஷனில் பத்தில் ஒரு பங்கு என்பது பரவலான வழக்கம். அவையும் பின்னாளில் சந்தைக்கு வரும். எல்லாம் கூட்டினால் தொண்ணூறைத் தாண்டுகிறது. தொண்ணூறு என்பது குற்றம் இல்லை. 25 என்று நினைத்துக்கொண்டு தொண்ணூறில் ஒன்றை வாங்குவதுதான் தவறு.

இந்த இடத்தில் வாக்கு எப்படி நழுவும் என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. வில்லியம் எகல்ஸ்டன் என்ற அமெரிக்கக் கலைஞரின் வண்ணப் படங்களை, டை டிரான்ஸ்ஃபர் என்ற பழைய முறையில் எண்ணிட்ட பிரிண்டுகளாக ஜொனாதன் சோபல் என்ற சேகரிப்பாளர் வாங்கி வைத்திருந்தார். 2012 மார்ச்சில் எகல்ஸ்டனின் படங்கள் 36, பெரிய அளவில், புதிய நிறமி மை (நுண்ணிய வண்ணத் துகள் கொண்ட மை) பிரிண்டுகளாகப் போடப்பட்டு, நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஏறத்தாழ 59 லட்சம் டாலருக்குப் போயின. சோபல் வைத்திருந்த காட்சிகளும் அவற்றில் இருந்தன. தம் பிரிண்டுகளின் அருமை குறைந்துவிட்டது என்று அவர் வழக்குப் போட்டார், 2013ல் தள்ளுபடியானது. வேறு முறையில், வேறு அளவில் போட்டது வேறு எடிஷன் என்பதுதான் கலைஞர் தரப்பு நிலை, அது நின்றது. ஆகவே உங்கள் சான்றிதழில் ‘25’ என்று மட்டும் இருந்தால் போதாது. ‘எந்த அளவிலும் எந்த முறையிலும் சேர்த்து மொத்தம் இத்தனை’ என்று ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரியை எழுத மறுத்தால் 48,000க்கு வாங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

சான்றிதழில் வேறு என்ன வேண்டும் என்றால், படத்தின் பெயர், எடுத்த ஆண்டு, பிரிண்ட் போட்ட ஆண்டு (இரண்டும் வேறு வேறு, இரண்டும் தேவை), படப் பரப்பின் அளவும் காகிதத்தின் அளவும், காகிதத்தின் பெயர், மையின் வகை, பிரிண்ட் போட்ட கூடம், எடிஷன் எண், ஏ.பி. எத்தனை, கையெழுத்து. படத்தின் வெள்ளை ஓரத்திலோ பின்புறத்திலோ பென்சிலால் கையெழுத்தும் எண்ணும் இருக்க வேண்டும். சான்றிதழில் மட்டும் கையெழுத்து இருந்தால், அந்தத் தாளை வேறு படத்தோடு சேர்த்துவிட ஒரு நிமிடம் போதும். ஹானமியூலே போன்ற காகித நிறுவனங்கள் ஒரே எண் கொண்ட இரண்டு ஹாலோகிராம் ஒட்டிகளைத் தருகின்றன. ஒன்று படத்தின் பின்னால், மற்றது சான்றிதழில். இருந்தால் நல்லது. கையெழுத்துக்கு அது மாற்று ஆகாது.

இன்னொன்று: 25ஐயும் ஒரே நாளில் போட்டு அடுக்கி வைப்பவர்கள் குறைவு. ஆள் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகப் போடுவார்கள். உங்களுடையது இனிமேல்தான் போடப்படும் என்றால், போட்டதும் முந்தைய பிரிண்டோ சோதனைப் பிரிண்டோ ஒன்றோடு பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காகிதம் மாறினால் கறுப்பின் ஆழமும் வெள்ளையின் சாயலும் மாறும். ஊருணிப் படத்தில் தண்ணீரின் நிழல் பகுதிதான் உயிர். அங்கே கறுப்பு அடைத்துக்கொண்டு படித்துறையின் கல் தெரியவில்லையென்றால் திருப்பிக் கொடுக்கலாம்.

மையும் காகிதமும் பற்றிச் சுருக்கமாக. இன்று நல்ல பிரிண்ட் என்றால் பெரும்பாலும் நிறமி மை, முழுப் பருத்திக் காகிதம், சதுர மீட்டருக்கு 300 கிராம் அளவில் எடை. சாய மையில் போட்டது வெளிச்சம் பட்டால் சில வருடங்களிலேயே வெளுக்கும். ரசாயன முறையில் வரும் சி-பிரிண்டில் சாயங்கள் இருட்டில் இருந்தாலும் மெல்ல மாறும், சூடு அதிகமானால் வேகமாக. சிவகங்கைச் சீமை வெயிலுக்கு நிறமி மையே பொருத்தம். கறுப்பு வெள்ளையில், இருட்டறையில் போட்ட சில்வர் ஜெலட்டின் (வெள்ளி கலந்த ஜெலட்டின் பூசிய காகிதப் பிரிண்ட்) கிடைத்தால் பிளாஸ்டிக் பூசாத ஃபைபர் காகிதம் கேளுங்கள். ‘ஜிக்ளே’ என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். இங்க்ஜெட் பிரிண்டுக்கு 1991ல் வைத்த அலங்காரப் பெயர் அது. அந்தச் சொல் தரத்துக்கு உத்தரவாதம் இல்லை, மை எது என்று கேட்டே ஆக வேண்டும்.

விலை ஏறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறும் என்று எண்ணி வாங்காதீர்கள். நம் நாட்டில் புகைப்படத்துக்கு மறுவிற்பனைச் சந்தை இன்னும் மெல்லியது. விற்க நினைக்கும் நாளில் வாங்க ஆள் இருக்க வேண்டும், நடுவில் ஏல நிறுவனமோ காலரியோ கமிஷன் எடுக்கும். எண்ணிக்கை குறைந்தால் விலை உயரும் என்பதும் நேர்க்கணக்கு அல்ல. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1941ல் எடுத்த நிலவு உதயப் படத்துக்கு அவர் வரம்பே வைக்கவில்லை. தம் வாழ்நாளில் 1,300க்கு மேல் பிரிண்ட் போட்டார் என்கிறார்கள்; அதில் ஒன்று 2006ல் ஆறு லட்சம் டாலரைத் தாண்டி ஏலம் போனது. ஊருணிப் படத்தைத் தினமும் பார்க்க உங்களுக்கு ஆசை இருக்கிறதா என்பதே வாங்குவதற்குப் போதுமான காரணம். நல்ல பிரிண்டுக்குக் கண் பழக வேண்டுமென்றால் சென்னையில் 2016 முதல் நடக்கும் சென்னை ஃபோட்டோ பியன்னாலே, பெங்களூரில் 2023ல் திறந்த கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகம் ஆகியவற்றில் ஒரு நாள் செலவழியுங்கள். திரையில் பார்ப்பதும் காகிதத்தில் பார்ப்பதும் ஒன்றே அல்ல.

இனி அந்தப் பழைய படம். 1880களில் எடுத்தது என்பது உண்மையாகவே இருக்கலாம். அப்போது போட்ட பிரிண்டா என்பதுதான் கேள்வி. நம் பக்கத்துப் புதுக்கோட்டையை ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் லின்னேயஸ் டிரைப் 1858லேயே படமெடுத்திருக்கிறார்; மதுரை, தஞ்சாவூர், திருவரங்கம் எல்லாம் அவர் கேமராவில் விழுந்தவை. அப்படிப்பட்ட பழைய காட்சிகள் பின்னால் புத்தகத்திலும் காலண்டரிலும் எத்தனையோ முறை அச்சாகியிருக்கின்றன. அந்தப் பக்கத்தைக் கிழித்துப் பழைய சட்டத்தில் போட்டால் பார்ப்பதற்கு ஒரிஜினல் போலவே இருக்கும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று எடுத்துச் செல்லுங்கள். நகைக் கடைக்காரர்கள் வைத்திருப்பதே போதும். வானத்தையும் சுவரையும் அதில் பாருங்கள். வரிசையாக அடுக்கிய புள்ளிகள் தெரிந்தால் அச்சகத்தில் அடித்தது. தாறுமாறாகத் தெளித்த மிக நுண்ணிய வண்ணப் புள்ளிகள் என்றால் இங்க்ஜெட். புள்ளியே இல்லாமல் சாயல் ஒழுகியிருந்தால்தான் மேலே பேச்சு. அந்தக் காலத்து ஆல்புமென் பிரிண்ட் முட்டை வெள்ளைக்கரு பூசிய மிக மெல்லிய காகிதம். சுருண்டுகொள்ளும் என்பதால் கெட்டி அட்டையில் ஒட்டியே வைப்பார்கள். நிறம் கறுப்பு அல்ல, பழுப்பு அல்லது கத்தரிப்பூச் சாயல் கலந்த பழுப்பு. வெளிச்சப் பகுதி மஞ்சளாகியிருக்கும், பரப்பில் மயிரிழை வெடிப்பு இருக்கும். அதற்கடுத்து வந்த சில்வர் ஜெலட்டினில், சாய்த்துப் பார்த்தால் இருண்ட ஓரங்களில் நீலம் பாய்ந்த கண்ணாடிப் பளபளப்பு ஏறியிருக்கும். வெள்ளி மேலே வந்ததன் அடையாளம் அது.

இருட்டில் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். காகிதம் பளீரென்று நீல வெண்மையாக மின்னினால், அதில் வெண்மையூட்டி கலந்திருக்கிறது. புகைப்படக் காகிதத்தில் அது பரவியது 1950களுக்குப் பிறகு. 1940ல் இறந்த அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் லூயிஸ் ஹைனின் கைப் பிரிண்டுகள் என்று விற்கப்பட்டவை பல இந்தச் சோதனையில்தான் பிடிபட்டன. மின்னவில்லை என்பதால் பழையது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது, பிந்தைய காகிதத்திலும் வெண்மையூட்டி இல்லாதவை உண்டு. கடைக்காரர் சட்டத்தைப் பிரித்துக் காட்ட மறுத்தால் 15,000 கொடுக்காதீர்கள். உண்மையாகவே நூறு வருடத்துக்கு மேற்பட்டது என்று தெரிந்தால், சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பும் எண்ணம் வரும்முன், 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி தொல்லியல் துறையிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

வீட்டுக்கு வருவோம். படத்துக்கு வெயிலும் ஈரமும் தான் எமன், வளவில் இரண்டுமே உண்டு. அருங்காட்சியகங்களில் வெளிச்சம் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் வைப்பார்கள். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், வருடம் முழுக்க அப்படி வைத்தால் 1,82,500 லக்ஸ் மணி. உச்சி வெயில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். அதாவது, வானவெளியிலிருந்து (வளவின் நடுவே கூரையில்லாத முற்றத்திலிருந்து) நேராக விழும் வெயில் இரண்டே மணி நேரத்தில் ஒரு வருட வெளிச்சத்தைப் படத்தின் மேல் கொட்டிவிடும்.

எந்தச் சுவர் என்பதைச் சூரியன் தான் சொல்ல வேண்டும். செட்டிநாடு ஏறக்குறைய 10 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. சித்திரைத் தொடக்கம் முதல் ஆவணி நடு வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும், ஆனால் அதிகம் சாயாது. மார்கழியில் தெற்கே 33 பாகை சாய்ந்துவிடும். தாழ்வாரத்தின் விளிம்பு 9 அடி உயரத்தில் இருந்தால், மார்கழி நண்பகல் வெயில் வடபுறத் தாழ்வாரத்துக்குள் 6 அடி வரை நுழையும். ஆனியில் தென்புறத் தாழ்வாரத்துக்குள் 2 அடிதான். ஆகவே வானவெளிக்குத் தெற்கே, வடக்குப் பார்த்த உட்சுவர் நல்லது. காலை வெயில் மேற்குப் பக்கச் சுவரிலும் மாலை வெயில் கிழக்குப் பக்கச் சுவரிலும் விழும் என்பதால் அவை வேண்டாம். தெருப் பக்கம், தோட்டப் பக்கம் என்று மழை நேரே அடிக்கும் வெளிச்சுவரின் உட்புறமும் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் குடித்த தண்ணீரைத் தை வரைக்கும் வைத்திருக்கும்.

முட்டையும் கடுக்காயும் சேர்த்து இழைத்த அந்தச் சுண்ணாம்புப் பூச்சில் தயவுசெய்து ஆணி அடிக்காதீர்கள். ஒரு இடத்தில் பெயர்ந்தால் அந்த வழவழப்பை மறுபடி கொண்டுவர ஆள் தேட வேண்டும், செலவும் உங்களுக்கு மட்டும் அல்ல, ஐந்து புள்ளிக்கும். பழைய படங்களுக்கென்று சுவரின் மேல் பக்கம் மரச்சட்டம் இருந்தால் அதிலிருந்தே இரண்டு கொக்கி போட்டு, துருப்பிடிக்காத கம்பியில் இறக்குங்கள். மேற்பக்கம் முன்னால் சாய்ந்து தொங்குவது அந்த வீடுகளின் வழக்கம். கண்ணாடியில் வானவெளி பிரதிபலிக்காமல் காக்கும் வழக்கம் அது, அதை மாற்ற வேண்டாம்.

ஃபிரேம் கடையில்தான் அதிகமான நல்ல படங்கள் பாழாகின்றன. லேமினேஷன் வேண்டாம், ஒட்டுப்பலகையில் பசை போட்டு ஒட்டுவது வேண்டாம், செல்லோ டேப் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். படத்துக்குப் பின்னாலும் முன்னாலும் அமிலமற்ற பருத்தி மவுண்ட் போர்டு (படத்தைத் தாங்கும் அட்டை). முன்பக்க மவுண்ட் சுமார் 3 மி.மீ. தடிமன், கையெழுத்தும் எண்ணும் தெரியும்படி வெட்டியது. படத்தை மேல் விளிம்பில் மட்டும், ஜப்பானியத் தாள் கீற்றும் கோதுமைப் பசையும் கொண்டு இரண்டு இடத்தில் தொங்கவிட வேண்டும். நாலு பக்கமும் ஒட்டினால் ஈரத்தில் காகிதம் விரிந்து அலை எழும்பும். படம் கண்ணாடியைத் தொடவே கூடாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது. கண்ணாடிக்குப் பதில் புற ஊதாவைத் தடுக்கும் அக்ரிலிக் போடுங்கள். பின்பலகைக்கு ஹார்ட்போர்டும் எம்.டி.எஃப்பும் வழக்கம், இரண்டும் அமிலம் கக்கிப் பழுப்புக் கறை ஏற்றும். 3 மி.மீ. அலுமினிய காம்போசிட் தகடு போட்டு, விளிம்பு முழுவதையும் அலுமினியப் பட்டியால் அடைத்துவிட்டால் இராமபாணப் பூச்சி நுழையாது. ஜெலட்டினும் பசையும் அதற்கு விருந்து. சட்டத்தின் பின் நான்கு மூலையிலும் குமிழ் வைத்து, சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே அரை அங்குலமாவது காற்று ஓட விடுங்கள். அந்துருண்டையும் வேப்பிலையும் வசம்பும் சட்டத்துக்குள் போட வேண்டாம். ஏட்டுச்சுவடிக்குச் சரியாக இருந்தது இதற்கும் சரி என்று இல்லை.

உங்கள் வீட்டின் தனிச் சிக்கல், அது பூட்டியே கிடப்பது. ஈரப்பதம் 65 சதத்துக்கு மேல் பல நாள் நின்றால் பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்தில் அடைத்த வீட்டில் அது சுலபமாக நிற்கும். சிறிய டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்று வாங்கி வளவில் வைத்து, வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் வாரம் ஒருமுறை எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்வீடு இருட்டாக இருப்பது நல்லதுதான், ஆனால் தேக்குப் பெட்டியிலோ தேக்கு அலமாரியிலோ படத்தை நேரே வைக்காதீர்கள், மரமும் அமிலம் விடும். பெயின்ட் சுட்டெடுத்த இரும்பு பீரோவின் மேல் தட்டு பரவாயில்லை.

பொதுவீட்டில் மாட்டுவதால் ஒன்று கூடச் சொல்ல வேண்டும். ரசீதிலும் சான்றிதழிலும் வாங்கியவர் பெயர் தெளிவாக இருக்கட்டும், அவற்றின் நகல் ஒன்று பங்காளிகளிடமும் இருக்கட்டும். அடுத்த தலைமுறையில் அது வீட்டோடு சேர்ந்த பொருளா, உங்கள் பொருளா என்ற பேச்சு வராது. படம் உங்களுடையது ஆனாலும் அதை அச்சடிக்கும் உரிமை கலைஞரிடமே இருக்கும். திருமணப் பத்திரிகையில் ஊருணிப் படத்தைப் போட ஆசைப்பட்டால் அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

வளவில் ஏற்கெனவே தொங்கும் ரங்கூன், பினாங்கு ஸ்டுடியோப் படங்களை இந்தச் சாக்கில் கழற்றி ஓரம் கட்டிவிட வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். அவற்றில் பலவற்றுக்கு இரண்டாவது பிரிண்ட் கிடையாது. கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிரிக்காமல், கண்ணாடியோடு சேர்த்தே நிழலில் வைத்துப் படமெடுங்கள். பிரிந்து வருபவற்றை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து டிஃப் கோப்பாக வையுங்கள். யார் யார் என்று உங்கள் வீட்டு மூத்த ஆச்சிமாரிடம் இந்தத் திருமணக் கூட்டத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களை டிஜிட்டலாகச் சேர்த்துவைக்கும் வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் செய்திருக்கிறது, அவர்களிடமும் கேட்கலாம்.

வைகாசித் திருமணம் என்பதால் காலக் கணக்கு உங்களுக்குச் சாதகம். மாசியில் பிரிண்டை வாங்குங்கள். சுருளாக வந்தால் ஒரு நாள் குழாயிலேயே விட்டு, பிறகு அமிலமற்ற தாள்களுக்கு நடுவே தட்டையாக வைத்துச் சென்னையிலேயே ஃபிரேம் போடுங்கள். வீட்டுக்கு வெள்ளையடிப்பதைப் பங்குனிக்குள் முடித்துவிட்டு, ஒரு மாதம் சுவர் காய்ந்த பிறகு மாட்டுங்கள். சடங்குக்குச் சாம்பிராணி போடும் இடத்திலிருந்து நாலைந்து அடியாவது தள்ளி இருக்கட்டும். திருமணம் முடிந்து வீட்டைப் பூட்டும்போது படம் அங்கேயே இருக்கலாம், புரட்டாசி வரைக்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் இறக்கி, காரில் நிமிர்த்தி வைத்துச் சென்னைக்கு எடுத்துப் போய்விடுங்கள். தை பிறந்ததும் திரும்பக் கொண்டுவந்து மாட்டலாம்.